பி.டி.எஸ். சேர்க்கை: தேர்வு ஒன்று, விண்ணப்பம் மூன்று

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ முடித்து நீட் தேர்வும் எழுதிவிட்டாள். பல் மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். அதற்குத் தனித் தேர்வு உண்டா? ப்ளஸ் டூ மதிப்பெண் கணக்கில் வருமா? நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். இப்போதே எதைத் தயார் செய்ய வேண்டும்?
- ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

பதில்: தனித் தேர்வு கிடையாது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கும், பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.ஸுக்கும் அதே நீட், அதே 720 மதிப்பெண்தான். ப்ளஸ் டூ மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினர் 50 சதவீதமும், உங்கள் மகள் போன்றோர் 40 சதவீதமும் எடுத்திருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தைப் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். சிக்கல் அடுத்து வருகிறது. நீட் முடிவு வந்துவிட்டால் கலந்தாய்வு அழைப்பு தானாக வீடு தேடி வரும் என்று காத்திருக்கும் பெற்றோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அப்படி எதுவும் வராது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதே குழுவிடம் இன்னொன்று. அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி.யின் இணையதளத்தில் மூன்றாவது. ஆகவே "கல்லூரியில் நேராகப் பணம் கட்டினால் இடம் கிடைக்கும்" என்று எந்தத் தரகர் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இனி சான்றிதழ். உங்களிடம் உள்ள பி.சி. சாதிச் சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குப் போதும். எம்.சி.சி.யிடம் அது செல்லாது. அங்கே மத்திய அரசு படிவத்தில் தரப்படும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். கிரீமி லேயருக்குள், அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவுக்குள், வராதவர் என்று தாசில்தார் தரும் சான்று அது. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாநிலச் சான்றிதழுக்கு வருமான வரம்பு இல்லை, இதற்கு உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் பழைய பி.சி. அட்டையை ஸ்கேன் செய்து ஏற்றிய பலர் கடைசி நேரத்தில் தாலுகா அலுவலக வாசலில் நிற்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான பள்ளிச் சான்றுகளையும் இப்போதே வாங்கி வையுங்கள். அத்தனை ஆண்டுகளும் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கலந்தாய்வில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். கல்லூரிகளை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தலாம். மேலிருந்து கீழாகத்தான் இடம் ஒதுக்குவார்கள். எனவே கிடைக்கும் என்று தோன்றுவதை அல்ல, உண்மையில் விரும்புவதை முதலில் எழுதுங்கள். பல் மருத்துவம்தான் வேண்டும் என்றால் அதை முதலில் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறவினர்கள் "எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையா?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

அந்த விருப்பம் உறுதிதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. பல் மருத்துவக் கல்லூரியில் நாங்கள் முதலாண்டிலேயே மெழுகுக் கட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் கடைவாய்ப் பல்லின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் செதுக்கச் சொல்வோம். அரை மில்லிமீட்டர் கூடினால் மறுபடியும் முதலிலிருந்து. வீட்டில் ஒரு சோப்புக் கட்டியையும் சிறு கத்தியையும் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் தன் பல்லைச் செதுக்கச் சொல்லுங்கள். நன்றாக வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது சோப்பை அவளே எடுக்கிறாளா என்று பாருங்கள்.