ஒன்பது வருஷம் முந்தைய மெட்டு

அன்புள்ள ஐயா,

‘இன் த மூட் ஃபார் லவ்’ படம் பார்த்தேன். மேகி சியுங் நூடுல்ஸ் வாங்கப் போகும்போது வரும் அந்த வயலின் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அதைப் போட்ட ஷிகெரு உமெபயாஷி முன்பு ராக் குழு நடத்தியவராமே? ராக்கைத் தலைமுழுகிய பிறகுதான் இப்படி ஒரு இசை வந்ததா?

வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு விஷயம். அந்த மெட்டு அந்தப் படத்துக்காகப் போட்டதே இல்லை. 1991இல் செய்ஜுன் சுசுகி எடுத்த ‘யுமெஜி’க்குப் போட்டது. தகேஹிசா யுமெஜி என்ற ஓவியரைப் பற்றிய படம். ஓவியராக நடித்த கென்ஜி சவாடாவும் ‘தி டைகர்ஸ்’ குழுவில் பாடிப் பேர் வாங்கியவர்தான். 2000இல் வோங் கார்-வாய் அந்த மெட்டை எடுத்துத் தன் படத்தில் வைத்துக்கொண்டார். படத்துக்கென்றே இசையமைத்தவர் மைக்கேல் கலாசோ. பாவம், அவரை யாரும் கேட்பதில்லை.

சரி, ராக். உமெபயாஷி 1951இல் பிறந்தவர், ஜப்பானின் கித்தகியூஷு நகரத்துக்காரர். அவர் குழுவின் பெயர் ‘எக்ஸ்’ (‘எக்ஸ் ஜப்பான்’ என்ற ராக் குழு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்). அது கலைந்தபின் சினிமாவுக்கு வந்தார். 1985இல் யோஷிமிட்சு மொரிடாவின் ‘சொரெகரா’வுக்கு இசை அவர்தான்.

தலைமுழுகினார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு முறை கேளுங்கள், வயலினை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும். தந்தியை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். மூன்று மூன்றாக எண்ணிக்கை, வால்ட்ஸ் நடை. மேலே வயலின் எவ்வளவு உருகினாலும் இது அசைந்து கொடுப்பதில்லை. ராக்கில் ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் குட்டி மெட்டை, பிடித்துக்கொண்டு கிதார்காரர் பாட்டு முழுக்க நிற்பாரே, அதே பிடிவாதம். மேகி சியுங் கையில் தூக்கோடு ஸ்லோமோஷனில் படி இறங்குகிறார், டோனி லியுங் எதிரே வருகிறார், இருவரும் உரசாமல் ஒதுங்கிப் போகிறார்கள். மறுபடியும் அதே படி, அதே தூக்கு, புடவை மாற்றுவதுபோல் அவர் உடை மட்டும் வேறு. இந்தச் சுற்றலுக்குச் சுற்றிவரும் இசைதான் பொருந்தும். கதை சொல்லப் பார்க்கும் இசையாக இருந்தால் இரண்டாம் தடவையே சலித்திருக்கும்.

அப்புறம் 2004இல் ஜாங் யிமோவின் ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டேகர்ஸ்’ செய்தார். ஆர்க்கெஸ்ட்ரா பெரிது, எனக்கு அதில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதே வருஷம் வந்த வோங் கார்-வாயின் ‘2046’ படத்து இசைத்தட்டில் பிரதான மெட்டை ரும்பா தாளத்திலும் போட்டிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.