பதினான்கு பதில்களும் முடிச்சுப் போட்ட கயிறும்

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரிக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கிறேன். அங்கே படித்த ஒருவர் இணையவழியில் என்னை நேர்முகம் காணக்கூடும் என்கிறார்கள். கேட்கக்கூடிய பதினான்கு கேள்விகளையும் பதில்களையும் ஒரு பயிற்சி வகுப்பில் எழுதித் தந்தார்கள், பாடமாக்கிவிட்டேன். இத்துடன் இணைத்துள்ளேன், ஆங்கிலத்தைத் திருத்தித் தருவீர்களா? சேலை கட்ட வேண்டுமா? 'ஏன் பெண்கள் கல்லூரி?' என்ற கேள்விக்கு எழுதித் தந்த பதில் எனக்கே திருப்தியாக இல்லை. 'இந்தக் காலத்தில் யார் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள்' என்று மாமா சிரிக்கிறார். 2009இல் காணாமல் போன அப்பாவைப் பற்றி முதலிலேயே சொல்லும்படி வகுப்பில் சொன்னார்கள். சொல்லலாமா? காலையில் கிணற்று அளவு எடுத்துவிட்டு அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

ச., ஏழாலை

அன்புள்ள பிள்ளைக்கு,

சென்ற மாதம் மன்னாருக்குப் போன இடத்தில், நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பார்க்காமல் இருந்த தலைமன்னார்த் துறையைப் போய்ப் பார்த்தேன். பழைய இறங்குதுறை துருவேறிக் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அங்கே கப்பல் ஏறி ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போன நாள் அன்றிலிருந்து மனத்தைவிட்டு அகலாமல் இருந்தது. அந்த நேரத்தில் உமது கடிதம் வந்தது. மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்கு முதலில் எழுதுகிறேன்.

சேலை கட்டிப் பழக்கம் இருந்தால் கட்டும். இல்லாவிட்டால் சுத்தமான உடுப்பு எதுவென்றாலும் போதும். அதில் ஒரு நிமிடம்கூடச் செலவழிக்க வேண்டாம்.

ஆங்கிலத்தை நான் திருத்தப்போவதில்லை. பதினான்கு பதில்களையும் இரண்டு தரம் வாசித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை, உம்மைப் பற்றிய செய்தியும் ஒன்றுகூட இல்லை. 'சிறு வயதிலிருந்தே சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற தணியாத தாகம் எனக்குள் இருந்து வருகிறது' என்று ஒன்பதாவது பதில் தொடங்குகிறது. அந்தத் தாகம் எப்போது வந்தது, யாருக்கு என்ன செய்தீர் என்று உம்மை நேர்முகம் காணும் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வீர்? அதே வகுப்பில் உம்மோடு இருந்த மற்றப் பிள்ளைகளும் அதே தாகத்தோடுதான் அதே கமராவுக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இருபது பிள்ளைகளின் வாயில் ஒரே வாக்கியத்தை வைத்து அனுப்புகிறவர்கள் மீது எனக்கு வருகிற கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. ஆனால் அவர்களை மட்டும் குற்றம் சொல்லவும் என்னால் முடியவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலில் தொடங்கிக் கட்டுரையைப் பாடமாக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்த்தவர்கள் நாங்கள். கரும்பலகையில் மாதிரிக் கட்டுரை எழுதிப்போட்டு, சொல் மாறாமல் ஒப்பிக்கச் சொன்ன ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

1982ஆம் ஆண்டு, ஆனி மாதம். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்வதற்காக என்னை ஐயா கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் வண்டி மாறி, தலைமன்னாரில் இராமேசுவரக் கப்பலுக்குக் காத்திருந்தோம். அந்த வழி நெடுகிலும் நான் ஒரு கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுவிட்ட அண்ணர் எழுதித் தந்த ஆங்கிலப் பதில்களை முணுமுணுத்தபடி இருந்தேன். கப்பலில் எங்களுக்குப் பக்கத்தில் மலையகத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கிட்டு வைத்த பிறகு, தாங்கள் பிறந்த தோட்டங்களை விட்டு அந்த வழியால் போய்க்கொண்டிருந்தவர்களில் அவர்களும் சேர்த்தி. என் வயதுப் பெண் ஒருத்தி தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். அவர்களுடைய தகரப் பெட்டியின் மூடியில் தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் வெள்ளைப் பெயின்றால் எழுதப்பட்டிருந்தன. குடும்ப அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, தம்பியை இடுப்பு மாற்றும்போதெல்லாம் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள். நான் எங்கே போகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். நீ எங்கே போகிறாய் என்று நான் கேட்டதற்கு, 'தெரியலைங்க, மண்டபத்துல சொல்லுவாங்களாம்' என்றாள். இந்தியக் கரையில் மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமைத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அந்த ஊர்ல மழை பெய்யுமாங்க?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுபடியும் கொப்பியைப் பார்க்கத் தொடங்கினேன்.

கல்லூரியில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மா என்னை உட்காரச் சொல்லி, 'இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே, வழியில் என்ன பார்த்தாய்?' என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருந்தது என்பதை இன்று உணர்கிறேன். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, 'பயணம் மனிதனின் அறிவை விசாலமாக்குகிறது' என்று தொடங்கி ஆறு வாக்கியங்களைப் பிழையில்லாமல் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு என் புள்ளிகளைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். இடம் கிடைக்கவில்லை. ஊரிலேயே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தேன், ஆசிரியையானேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் ஆங்கிலம்தான் காரணம் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில், 1984இல், கப்பலும் நின்றுபோனது. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டவரிடம்கூடச் சொல்லாமல் விட்டேன் என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது.

இப்போது உமது கடைசி வரிக்கு வருகிறேன். கிணற்று அளவு என்றால் என்ன என்று நான் மறுமடலில் கேட்டேன். நீர் நாலே வரியில் எழுதினீர். சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சாக இருந்த நாட்களில் உமது அப்பப்பா தொடங்கிய பழக்கம். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, விடியப்புறம் மோட்டர் போடுவதற்கு முன்னர் கிணற்றில் இறக்கி, கிணற்றுக் கட்டின் மேலிருந்து தண்ணீர் வரைக்கும் எத்தனை முடிச்சு என்று எண்ணி, மணத்தையும் நிறத்தையும் சேர்த்து சீ.ஆர். கொப்பியில் குறிக்கிறீர்கள். 2019இல் அவர் காலமான பிறகு நீர் எடுக்கிறீர். மூன்றாவது கொப்பி நடக்கிறது. இதை விண்ணப்பத்தில் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, 'அது வீட்டு வேலைதானே ரீச்சர்' என்றீர்.

பிள்ளை, உம்மை முன்னால் இருத்திவைத்து ஏச வேண்டும்போல இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு இது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் வருடம் முழுவதும் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். அளவு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். தோட்டத்தில் போடும் உரம் நைத்திரேற்றாகக் கிணற்றுக்குள் இறங்கும். ஆவணியில் எத்தனை முடிச்சுக்குத் தண்ணீர் கீழே போகிறது, கார்த்திகை மழைக்கு எத்தனை நாளில் ஏறுகிறது, பக்கத்துத் தோட்டத்தில் குழாய்க் கிணறு அடித்த பிறகு அந்தக் கணக்கு மாறியதா என்பதற்கெல்லாம் உமது வீட்டு அலுமாரியில் எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, விவாத மேடையில் வாங்கிய மூன்றாம் பரிசை எழுதியிருக்கிறீர். அந்தக் கல்லூரி ஏற்கும் பொது விண்ணப்பத்தில் பத்துச் செயற்பாடுகளுக்கு இடம் உண்டு; அவற்றுள் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை உண்டு. விபரம் எழுத இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துகள்தான், ஒரு முடிச்சுக் கயிற்றைச் சொல்ல அது போதும். 650 சொல்லுக்கு மேற்படாத கட்டுரையிலும் இதையே எழுதும். தணியாத தாகத்தை வெட்டி எறியும்.

பெண்கள் கல்லூரி ஏன் என்ற கேள்விக்கும் பதிலை வெளியே தேட வேண்டாம். பதின்மூன்று வருடம் பெண்கள் பாடசாலையில் படித்தவர் நீர். அங்கே கதிரை சுமந்ததும், ஒலிபெருக்கி பூட்டியதும், ஆய்வுகூடத்தில் அமிலம் ஊற்றியதும், அதிபருடன் எதிர்த்து நியாயம் பேசியதும் பெண் பிள்ளைகள்தான், ஏனென்றால் வேறு ஆள் இல்லை. உயர்தரத்துக்கு வந்ததும் ரியூட்டரி என்ற தனியார் வகுப்புக்கும் போனீர். ஒரு பக்கம் பெடியள், மறுபக்கம் பெட்டைகள், முந்நூறு பேர் இருக்கும் மண்டபம். அங்கே இரண்டு வருடத்தில் எத்தனை கேள்வி கேட்டீர் என்று எண்ணிப் பாரும். பூச்சியம் என்றால், பூச்சியம் என்றே அந்த அம்மாவிடம் சொல்லும். அதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. மேரி லயன் மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விக்கூடத்தைத் திறந்தது 1837இல். வேதியியலை அவரே கற்பித்தார். செலவைக் குறைப்பதற்காகச் சமையலையும் கழுவல் துடைத்தலையும் மாணவிகளே பகிர்ந்து செய்தார்கள். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல். உமது வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் அதற்குப் பதின்மூன்று வருடம் முன்னரே நடந்த காரியத்தை, அமெரிக்காவிலிருந்து வந்த புதினம் போல அவர் பார்க்கத் தேவையில்லை. மவுண்ட் ஹோலியோக் உட்பட, ஏழு சகோதரிகள் என்று பெயர் பெற்ற அமெரிக்கப் பெண்கள் கல்லூரிகளில் வாஸர் 1969இல் ஆண்களுக்கும் கதவைத் திறந்தது, ரட்கிளிவ் 1999இல் ஹார்வர்ட்டுடன் இணைந்தது. மற்ற ஐந்தும் இன்றும் பெண்கள் கல்லூரிகளாகவே இருக்கின்றன.

அப்பாவைப் பற்றிக் கேட்டீர். இதை மெதுவாகத்தான் எழுத முடிகிறது. அவர் காணாமல் போகும்போது உமக்கு மூன்று வயது. அவரை முதல் வாக்கியத்தில் வைக்கச் சொன்னவர்கள், அங்கே அது எடுபடும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கணக்குக்கு நீர் உடன்படாதேயும். ஆனால் மறைக்கவும் வேண்டியதில்லை. கிணற்றைப் பற்றிப் பேசும்போது, அப்பப்பா ஏன் உம்மைக் கயிறு பிடிக்கப் பழக்கினார் என்று அவர்கள் கேட்கக்கூடும். அப்போது அப்பா தாமாகவே பேச்சில் வந்தால் வரட்டும். குரல் உடைந்தால் உடையட்டும், ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரும். சொல்ல மனம் வராவிட்டால், 'அதைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை' என்று சொல்வதற்கு உமக்கு முழு உரிமை உண்டு. அம்மாவிடமும் ஒரு தரம் கேளும். அவருடைய துயரமும் அதில் இருக்கிறது.

முடிவில், எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா என்று பெரும்பாலும் கேட்பார்கள். அதற்கும் வகுப்பில் ஒரு கேள்வி எழுதித் தந்திருக்கிறார்கள், கல்லூரியின் தரவரிசையைப் பற்றி. அதை விடும். அந்த ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் அளந்து எழுதிவைக்கிறார்கள் என்று கேளும். உமக்கு அறிய ஆசையாக இருப்பது அதுதான் என்றால் மட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்கு வாரும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும். மூன்று கொப்பிகளையும் எடுத்துவாரும். அப்பப்பாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆங்கிலத்தில் கேட்பேன், தடுமாறினாலும் பரவாயில்லை, தெரியாத சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடரலாம். அதற்கு முன்னர், இன்று காலை தண்ணீர் எத்தனையாவது முடிச்சில் நின்றது என்று ஒரு வரி எழுதி அனுப்பும்.