கேலியாகாமல் 'பொட்டாஷ் அண்ட் பெர்ல்மட்டர்' போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் நாடகக் குழு, 'பொட்டாஷ் அண்ட் பெர்ல்மட்டர்' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் போட நினைக்கிறது. யூத வியாபாரிகளைக் கேலி செய்வது போல ஆகிவிடுமோ என்று பயம். உரிமை யாரிடம் வாங்க வேண்டும்?

பதில்: உரிமையைப் பற்றி இந்தியாவில் கவலை வேண்டாம். எழுதிய இருவரில் சார்ல்ஸ் கிளைன் 1915-ல் லூசிடானியா கப்பலோடு மூழ்கினார். மாண்டேக் கிளாஸ் 1934-ல் இறந்தார். கடைசியாக இறந்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் என்பது நம் சட்டம். 1994-ஓடு அது முடிந்துவிட்டது.

உங்கள் பயம் நியாயமானது. அந்தக் காலத்து அமெரிக்க மேடையில் யூதர் என்றாலே ஒட்டுத் தாடி, காதுவரை இறங்கிய தொப்பி, கையை ஆட்டிப் பேசும் பேச்சு என்று ஒரு வார்ப்பு இருந்தது. இந்த நாடகம் நியூயார்க்கில் அரங்கேறிய அதே 1913-ல்தான் யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்பு ஒன்று சிகாகோவில் தொடங்கியது. மேடைக் கேலியும் அதன் கவலைகளில் ஒன்று.

ஆனால் கிளாஸ் வேறு இடத்திலிருந்து சிரிப்பை எடுத்தார். அவர் நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். ஆயத்த ஆடை வியாபாரிகளின் வழக்கும் வம்பும் அவருக்கு அத்துப்படி. ரத்தான ஆர்டர், திரும்பி வந்த சரக்கு, கடன் கேட்கும் வாடிக்கையாளர் என்று கடையின் கூட்டாளிகளான ஏப் பொட்டாஷும் மாரஸ் பெர்ல்மட்டரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். ரஷ்யாவிலிருந்து தப்பி வந்த அவர்களது கணக்கர் கைதானதும், அவனை ஜாமீனில் எடுக்கக் கடையையே பணயம் வைக்கிறார்கள். இந்த இடத்தில் அரங்கம் அவர்களை நேசிக்க வேண்டும். முதல் அங்கத்திலேயே அவர்களைக் கோமாளிகளாக்கிவிட்டால் இந்தக் காட்சி நிச்சயம் விழுந்துவிடும். 441 காட்சிகள் ஓடியதற்கு இந்தப் பாசமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் ஒத்திகையில் சண்டையை முழு அக்கறையோடு நடத்துங்கள். பணம் போய்விடுமே என்ற பதற்றம் நிஜமாக இருக்கட்டும், வேகம் குறையவே கூடாது. ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் தொடங்க வேண்டும். இந்த இரு வேடங்களிலும் முதலில் நடித்த பார்னி பெர்னார்டும் அலெக்சாண்டர் காரும் யூதர்கள். அந்தப் பேச்சு அவர்கள் வளர்ந்த சூழலின் பேச்சு. நமக்கு அது கிடையாது.

மொழிபெயர்ப்பில்தான் பெரிய ஆபத்து. ஆங்கிலத்தில் இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) வாடை வீசும் வசனங்களுக்கு ஈடாக, நம் சினிமாவில் வரும் 'சேட்டு' பேச்சைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு சமூகத்தைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கேலி செய்ததாகிவிடும். சாதாரணக் கடைத்தெருப் பேச்சுத் தமிழே போதும். பெயர், ஊர், காலம் எதையும் மாற்ற வேண்டாம். ஒட்டுத் தாடியும் வேண்டாம். 1913-ன் கோட்டும் வெஸ்ட்டும், கழுத்தில் ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும்.

அப்புறம், அவர்கள் கடையின் டிசைனர் ரூத் கோல்ட்மன் வேடத்துக்கு நல்ல நடிகையாகப் போடுங்கள். நடிகர்களைத் தேர்வு செய்யும் முன் எல்லோரும் கிளாஸின் மூலக் கதைகளில் சிலவற்றையாவது படித்துவிடுங்கள். பழைய நூல்களைத் தரும் 'ப்ராஜெக்ட் கூட்டன்பர்க்' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.