குத்து எங்கிருந்து வருகிறது? குத்துச்சண்டை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் உயரம் 165 செ.மீ. குள்ளமானவனுக்கு நாக் அவுட் பலம் வருமா?

வரும். ஜப்பானின் நவோயா இனோவேக்கும் உங்கள் உயரம்தான். 4 எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வாங்கியிருக்கிறார், அதுவும் பெரும்பாலான சண்டைகளை நாக் அவுட்டில் முடித்து. மைக் டைசன் 178 செ.மீ., அதிக எடைக்காரர்களின் பிரிவான ஹெவிவெயிட்டில் அது குள்ளம். குள்ளமானவருக்குப் பலம் பிரச்சினையே இல்லை. அடிக்கும் தூரத்துக்குள் அடிபடாமல் போய்ச் சேருவதுதான் பிரச்சினை. தலையை அசைத்துக்கொண்டே உள்ளே நுழையப் பழகுங்கள். நுழைந்ததும் முழங்கால் மடங்கியிருந்தால் பக்கவாட்டில் வளைத்துப் போடும் ஹுக், மோவாயை நோக்கி மேலே ஏற்றும் அப்பர்கட் இரண்டும் கீழிருந்து எழும்பி வரும்.

என் உடல்வாகுக்கு எந்தக் குத்து பொருந்தும்?

உயரம் எழுதவில்லை, எடை எழுதவில்லை, எத்தனை மாதமாகப் பயிற்சி என்றும் எழுதவில்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கையை விரித்து அளந்து, அந்த அளவையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.

8 கிலோ எடை ஏற்றினால் குத்து கனமாகுமா?

எந்த 8 கிலோ என்று சொல்லுங்கள். தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் தசையாக ஏறினால் உதவும். வயிற்றில் ஏறினால் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பல எடைப் பிரிவுகளைச் சேர்ந்த ஒலிம்பிக் வீரர்களின் குத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். இலக்கில் உண்மையில் மோதும் எடை சராசரியாக 3 கிலோ அளவுதான் வந்தது. உடம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், குத்து படும் நொடியில் மணிக்கட்டு, தோள், இடுப்பு மூன்றும் இறுகி ஒன்றாக நின்றால்தான் அந்த எடை கூடும்.

ஹெவிவெயிட் வீரர் ஆண்டி ரூயிஸைப் பாருங்கள். 2019 ஜூனில் 122 கிலோ உடம்போடு, அபாரமான கைவேகத்தால் ஆண்டனி ஜோஷுவாவை 7ஆவது சுற்றில் முடித்தார். டிசம்பரில் இன்னும் 7 கிலோ கூடி வந்தார். ஜோஷுவாவைத் துரத்திப் பிடிக்கவே முடியாமல் புள்ளிகளில் தோற்றார்.

பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடை தூக்குவது) 100 கிலோ போடுகிறேன். ஆனால் மிட்ஸ் (குத்து வாங்கும் கையுறை) பிடிப்பவர் என் குத்து லேசாக இருக்கிறது என்கிறார்.

அவர் சொல்வது சரி. நீங்கள் கையால் தள்ளுகிறீர்கள். 1985இல் வெளியான ஒரு சோவியத் ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. தேர்ந்த வீரர்களின் குத்தில் காலின் பங்கு 40 சதவீதத்தை நெருங்கியது, கையின் பங்கு 25 சதவீத அளவுதான். கீழ்நிலை வீரர்களிடம் கை 40ஐ நெருங்கியது, கால் 17 சதவீதத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருக்கும் கையால் நேராகக் குத்தும் கிராஸைப் போடும்போது பின்னங்கால் குதிகால் திரும்புகிறதா என்று வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இணையத்தில் ஒரு சோதனை செய்தேன். நான் 'எக்டோமார்ஃப்' என்று வந்தது. கோச்சும் 'நீ ஒல்லி, ஜாப் (முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்குத்து) மட்டும் போடு, பலம் உனக்கு வராது' என்கிறார். வயது 17, 184 செ.மீ., 66 கிலோ.

இந்தக் கடிதம் மாதாமாதம் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முதலில் அந்தச் சொல். எக்டோமார்ஃப் (ஒல்லி), மெசோமார்ஃப் (தசைக்கட்டு), எண்டோமார்ஃப் (பருமன்) என்று 1940களில் பிரித்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உடம்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவர் வாதம். அந்தப் பகுதியை அறிவியல் எப்போதோ தள்ளிவிட்டது. பின்னால் வந்த அளவுமுறையில்கூட ஒவ்வொருவருக்கும் மூன்று மதிப்பெண்ணும் சேர்ந்தே இருக்கும். நீங்கள் ஒரு கலவை, ஒரு பெட்டி அல்ல.

அடுத்து, ஒல்லிக்குப் பலம் வராது என்ற பேச்சு. தாமஸ் ஹெர்ன்ஸ் 185 செ.மீ., வெல்டர்வெயிட்டில் 67 கிலோ. கிட்டத்தட்ட உங்கள் உடம்பு. 1984இல் அவருடைய வலது கை ராபர்ட்டோ டுரானை 2ஆவது சுற்றிலேயே முகம் குப்புறக் கிடத்தியது. டியான்டே வைல்டர் 2018இல் 96 கிலோவுக்கும் கொஞ்சம் மேல், எதிரே டைசன் ஃப்யூரி சுமார் 116 கிலோ. அந்த 20 கிலோ வித்தியாசத்தையும் தாண்டி ஃப்யூரியை இரண்டு முறை தரையில் விழவைத்தார். நீளமான கைக்கு வேகம் சேர்க்க அதிகத் தூரம் கிடைக்கிறது. நேராக வரும் கிராஸ்தான் அந்த உடம்பின் ஆயுதம். உங்கள் கோச் அதையே பூட்டி வைக்கிறார்.

எனக்கும் 16 வயதில் இதேதான் நடந்தது. கொக்கு மாதிரி இருக்கிறாய் என்று சொல்லி இரண்டு வருடம் என்னை ஜாப் மட்டுமே போட வைத்தார் ஒருவர். அப்புறம் வேறொரு பயிற்சியாளர் என் பின்னங்காலை ஒரே ஒரு முறை பார்த்தார். குதிகால் தரையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. சில வாரத்தில் சரிசெய்தார். என் உடம்பில் ஒரு கிலோகூட ஏறவில்லை, நான் குத்தும் பயிற்சி மூட்டை ஆடிய விதமே மாறிவிட்டது. அந்த இரண்டு வருடம் திரும்பி வராது. ஒரு பிள்ளையின் காலைப் பார்க்காமல் தோள் அகலத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் பயிற்சியாளர் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். நீள உடம்பின் வேகத்தை மெல்லிய கை எலும்பு தாங்க வேண்டும். 1985இல் ஹாக்லரோடு மோதிய ஹெர்ன்ஸ் முதல் சுற்றிலேயே வலது கையை உடைத்துக்கொண்டார். கைக்கட்டு (கையில் சுற்றும் துணிப்பட்டை) இல்லாமல் மூட்டையைத் தொடாதீர்கள்.

கை நீளம் குறைவாக இருந்தால் ஹெவிவெயிட்டில் தேறவே முடியாதா?

முடியும். ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்த ராக்கி மார்சியானோவின் கைவீச்சு சுமார் 172 செ.மீ., எடை 84 கிலோ. 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட்.

5 கிலோ வற்றவைத்துக் கீழ்ப் பிரிவில் இறங்கினால் என் குத்து அங்கே பெரிதாகத் தெரியும் அல்லவா?

தராசில் நிற்கும்போது அப்படித்தான் தோன்றும். தண்ணீர் வற்றிய உடம்பில் கால் முதலில் செத்துப்போகும். கால் போனால் குத்து எங்கிருந்து வரும்? வாங்கும் அடி தலைக்கு இன்னும் ஆபத்து. நியாயமான எடையில் சண்டை போடுங்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

வயது 44. பலம் போய்விடுமா?

வேகமும் கால் நடமாட்டமும்தான் முதலில் போகும், பலம் கடைசியில். ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில், 1994இல், மைக்கேல் மூரரை 10ஆவது சுற்றில் வீழ்த்திப் பட்டத்தைத் திரும்ப வாங்கினார். ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டைக்கு) முன் மருத்துவரைப் பாருங்கள்.

மணிக்கட்டு மெலிசு. ஹுக் போட்டால் வலிக்கிறது.

வலி போகும்வரை ஹுக் வேண்டாம். அப்புறம் நாலரை மீட்டர் கைக்கட்டு வாங்கி, மணிக்கட்டில் மூன்று சுற்று கூடுதலாகக் கட்டுங்கள். கைக்கட்டு இல்லாமல் மூட்டையைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.