வேட்டை வழிகாட்டி வேலையில் சேர எங்கிருந்து தொடங்குவது?

"காடு பிடிக்கும், துப்பாக்கி சுடவும் தெரியும். வேட்டை வழிகாட்டியாக வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மாநில வேட்டை முகாம்களில் மூட்டை தூக்கத் தொடங்கி, பிறகு சில பருவங்கள் உதவி வழிகாட்டியாக இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சுடத் தெரியும் என்பதை முதல் தகுதியாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் அது கடைசியில்தான் வரும். பணம் கட்டி வேட்டைக்கு வருபவரைக் காட்டுக்குள் அழைத்துப்போவதுதான் வழிகாட்டியின் வேலை; சுடுவது அவர். உங்கள் தோளிலும் ஒரு ரைபிள் தொங்கும். அடிபட்ட கரடி திரும்பிப் பாய்ந்தால்தான் அதற்கு வேலை. ஊரே வேட்டைக்குக் கிளம்பும் மாதங்களில் நீங்கள் இன்னொருவருடைய வேட்டைக்காக ஓடிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் வேட்டைக்கு நேரமே இருக்காது. நல்ல வேட்டைக்காரர்கள் பலர் ஒரே பருவத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம். மற்றவர் சுட்டு வீழ்த்தியதைப் பார்த்து உங்களுக்கு உண்மையிலேயே சந்தோஷம் வருமா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். வராது என்றால் வேட்டையைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போகாமல் இருக்கும்.

இந்தத் தொழில் எல்லா நாட்டிலும் கிடையாது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இதற்கு இடமில்லை. கென்யா 1977-இல் வேட்டையைத் தடை செய்துவிட்டது. அலாஸ்கா, மேற்குக் கனடா, தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே, நியூசிலாந்து போன்ற இடங்களில்தான் இது பிழைப்பு. அங்கே பல இடங்களில் சட்டமே வேலையை உண்டாக்குகிறது. வெளி மாநிலத்தவர் அலாஸ்காவில் பழுப்புக் கரடி, டால் செம்மறி (வெள்ளைக் காட்டுச் செம்மறியாடு), மலையாடு மூன்றில் ஒன்றை வேட்டையாட வேண்டுமானால் உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அங்கேயே வசிக்கும் நெருங்கிய உறவினரோ கூட இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு வரும் வெளிநாட்டு வேட்டைக்காரரும் தொழில்முறை வேட்டைக்காரர் (வழிகாட்டிக்கு அங்கே அதுதான் பெயர்) ஒருவருடன்தான் போக முடியும்.

உரிமம் வாங்கும் வழி இடத்துக்கு இடம் மாறும். அலாஸ்காவில் முதல் படி உதவி வழிகாட்டி. 18 வயது, முதலுதவிச் சான்றிதழ், அந்த மண்ணில் வேட்டையாடிய அனுபவம் அல்லது அதற்கு ஈடான பயிற்சி, பதிவுபெற்ற வழிகாட்டி ஒருவரின் பரிந்துரை, இவை வேண்டும். வாடிக்கையாளரிடம் நேரடியாக ஒப்பந்தம் போட உங்களுக்கு அனுமதி இல்லை. பதிவுபெற்றவரிடம் சம்பளத்துக்குத்தான் இருக்க வேண்டும். சில வருடம் அப்படி உழைத்து, எழுத்துத் தேர்வும் செயல்முறைத் தேர்வும் தேறிய பிறகுதான் சொந்தத் தொழில். ஜிம்பாப்வே இன்னும் கடுமை. எழுத்துத் தேர்வு எழுதிப் பயிற்சி உரிமம் வாங்கி, அனுபவஸ்தரிடம் வருடக்கணக்கில் தொண்டு செய்து, அப்புறம் காட்டிலேயே நடக்கும் தேர்வில் தேற வேண்டும்.

ஆகவே பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு முகாமில் அடிமட்ட வேலைக்குப் போங்கள் என்பதுதான் என் கட்சி. பொதி சுமப்பவர், குதிரை பார்ப்பவர், சமையலாள், எதுவானாலும் சரி. பள்ளிகளை மட்டம் தட்டவில்லை. முடிச்சு போடவும் தோலுரிக்கவும் நன்றாகவே கற்றுத்தருவார்கள். ஆனால் மூன்று நாள் விடாத மழையில் கூடாரத்துக்குள் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை நான்காம் நாள் காலை மறுபடி மலையேறக் கிளப்புவது எப்படி என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. பொதி சுமக்கும்போது உடம்பும் தயாராகும். ஒரு பெரிய மூஸ் (குதிரையளவு பெரிய மான்) விழுந்தால் இறைச்சி மட்டும் 200 கிலோவைத் தாண்டும். அது முழுவதும் வெளியே வந்தாக வேண்டும்; இறைச்சியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் தூக்கி வருவது அலாஸ்காவில் குற்றம். சதுப்பு நிலத்தில் அந்தச் சுமையோடு ஒரு நடை போனால் இந்த வேலை ஒத்துவருமா வராதா என்று முழங்காலே சொல்லிவிடும்.

அங்கே இருக்கும்போது பார்வையைப் பழக்குங்கள். வேட்டையின் பெரும்பகுதி டிரைபாடில் பைனாகுலரை வைத்து எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். டால் செம்மறியில் பொதுவாகச் சட்டம் அனுமதிப்பது கொம்பு முழு வட்டம் சுற்றிய கிடாயை, அல்லது எட்டு வயதான கிடாயை, அல்லது இரண்டு கொம்பும் நுனி உடைந்ததை. தூரத்துப் பாறையில் படுத்திருக்கும் கிடாயின் கொம்பில் வயதைக் காட்டும் ஆண்டு வளையங்களை எண்ண வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு விரல் துடிக்கும். "இப்ப சுடலாமா, இப்ப சுடலாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு வளையம் சந்தேகம் என்றாலும் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்குத் தைரியம் வேண்டும். கிடாய் தலையைத் திருப்பும்வரை காத்திருக்க வேண்டும், மழை வந்தாலும்.

காற்றும் அப்படித்தான். வெயில் ஏறினால் காற்று சரிவில் மேலே போகும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். இது தெரியாமல் கிளம்பினால் நீங்கள் பார்ப்பதற்கு முன்பே விலங்கு உங்களை மோப்பம் பிடித்துவிடும்.

சுட்ட பிறகுதான் வழிகாட்டியின் தரம் தெரியும். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கத் துடிப்பார்கள். நீங்கள் அவர்களை உட்கார வைத்துவிட்டு, மான் நின்ற இடத்துக்குத் தனியாகப் போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல்; பெரும்பாலும் பக்கத்திலேயே விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். பச்சையும் பழுப்பும் கலந்து நாற்றம் அடித்தால் குடல், ஆறு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். உடனே துரத்தினால் அது எழுந்து மைல் கணக்கில் ஓடும், கிடைக்காமலே எங்காவது கிடந்து செத்துப்போகும். கண்ணெதிரே வேதனைப்படும் விலங்கையும், பொறுமையிழந்த மனிதரையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான பகுதி என்பேன்.

காட்டு முதலுதவிப் பயிற்சியில் சிக்கனம் பார்க்காதீர்கள். 16 மணி நேர அடிப்படை வகுப்பு ஆரம்பத்துக்குப் போதும். நிலைக்க நினைத்தால் 70, 80 மணி நேரப் பயிற்சிக்குப் போய்விடுங்கள். ஹெலிகாப்டர் வர ஒரு நாள் ஆகும் இடத்தில் வாடிக்கையாளரின் நெஞ்சுவலிக்கு நீங்கள்தான் ஆள். சட்டத்தையும் மனப்பாடமாக வைத்திருங்கள். சட்டவிரோதமாகப் பிடித்த வனவிலங்கை விற்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் லேசி சட்டம் 1900-இலிருந்து இருக்கிறது. சட்டவிரோத வேட்டைக்குக் கூலி வாங்கிக்கொண்டு வழிகாட்டினாலே அந்த விலங்கை விற்றதாகத்தான் அது கணக்கெடுக்கும்.

வருமானம் பருவத்துக்கு மட்டும்தான், தினக்கூலியும் டிப்ஸும். மிச்ச மாதங்களுக்கு மீன்பிடி வழிகாட்டி, தச்சு வேலை என்று கைவசம் ஏதாவது இருக்க வேண்டும். குடும்பம் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வேலைக்கு எழுதுவதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் எழுதுங்கள். இலையுதிர் காலத்துக்கு ஆள் சேர்ப்பது அப்போதே ஆரம்பிக்கும். நீங்கள் சுட்ட விலங்கோடு நிற்கும் படத்தை அனுப்பாதீர்கள், எல்லோரும் அதைத்தான் அனுப்புகிறார்கள். எத்தனை கிலோ எவ்வளவு தூரம் சுமப்பீர்கள், குதிரை பழக்கமா, சமைப்பீர்களா, முதலுதவிச் சான்றிதழ் எது வரை செல்லும், பருவம் முடியும்வரை இருப்பீர்களா, இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நாட்டில் வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.