கியர் நச்சுனு விழணும்னு வயர்ல பொட்டி மாட்டலாமா?

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்காவ. டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் சக்திய ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துத சாமான் வச்ச ஆட்டோமேட்டிக் டீசல் வண்டி, பாபநாசம் மலையேறும்போது ரெண்டுல இருந்து மூணு மாறுதப்போ ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துத வேகம்) சும்மா எகிறிட்டு அப்புறந்தான் கியர் விழுதாம், வயர்ல சின்ன பொட்டி மாட்டினா நச்சுனு விழும்னு ஒரு புரோக்கர் சொல்லுதாராம், மாட்டலாமான்னு.

மாட்டாதீங்க. போன மாசம் ஒரு வண்டியில அந்தப் பொட்டியத் தொறந்தேன், உள்ள சுண்டுவிரல் நீளத்துல ஒரு வெள்ளப் பீங்கான் ரெசிஸ்டர், சுத்தின டேப் சூட்டுல உருகி ஒட்டிக் கெடந்துச்சு, அம்புட்டுதான், சில்லறைக் காசு சாமான், அதுக்கு ஆயிரக்கணக்குல வாங்கிருக்கான் பாவி.

கியர்பாக்ஸ்ல ஆயில் பிரஷர ஒரு சொலினாய்டு, அதாவது கரண்ட்ல வேலை செய்யுத வால்வ், கட்டுப்படுத்துது. நிறைய வண்டியில அதுக்குக் கரண்ட் குறைஞ்சா பிரஷர் கூடும், வயரே அறுந்தாலும் கியர்பாக்ஸ் உள்ள இருக்குத கிளட்ச் வழுக்கிக் கருகிரக்கூடாதுன்னு அப்படி வச்சிருக்காவ. ரெசிஸ்டர் அந்தக் கரண்டக் குறைச்சு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர ஏமாத்துது. ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கும், ஆனா கியர் விழ எவ்வளவு நேரமாகுதுன்னு கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டே இருக்கும், நீங்க ஏத்துனத அது எறக்கப் பாக்கும், கரண்ட் கணக்கு ஒத்துவரலன்னா லிம்ப் மோடுக்கு, அதாவது கியர்பாக்ஸக் காப்பாத்துத முறைக்குப் போயி ஒரே கியர்ல நின்னுரும், புள்ளகுட்டியோட மலைப்பாதையில நிக்கணும்.

உங்க சிக்கலே வேற, ஆர்பிஎம் எகிறுதுன்னா கிளட்ச் வழுக்குது. மொதல்ல ஆயில் பாருங்க. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்குத குச்சி) இல்லாத கியர்பாக்ஸ்னா இன்ஜின் ஓடும்போதே, ஆயில் சொன்ன சூட்டுக்கு வந்தப்புறம், அடியில லெவல் பிளக்கக் கழத்தி லேசா வழியுதான்னு பாக்கணும். இத ஒழுங்காப் பாக்குத ஆளு கொறச்சல். கம்பெனி சர்வீஸ்ல கேட்டா லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்பாவ, நம்ம சித்திரை வெயில்ல மலையேறுத வண்டிக்கு அதே பேச்சு, கேக்கக் கேக்க எரிச்சலா வருது. ஆயில் கறுத்து கருகல் வாடை அடிச்சா கிளட்ச் பிளேட்டு போயிட்டு, பிரஷர் கூட்டி அத மீட்க முடியாது.

ஒண்ணு மட்டும் தனியாச் சொல்லுதேன், ஏஎம்டி வண்டிக்கு இதுல எதுவும் பொருந்தாது. அதுவும் ஆட்டோமேட்டிக்னுதான் விக்காவ, ஆனா உள்ள சாதா மேனுவல் பெட்டிதான், கிளட்ச அமுக்கி கியரப் போடுத வேலைய மட்டும் ஆக்சுவேட்டர் செய்யுது, மாறும்போது தலை லேசா முன்னாடி ஆடத்தான் செய்யும், அப்போ ஆக்சிலேட்டர்ல இருந்து காலக் கொஞ்சம் எடுத்தாப் போதும். இதுக்கும் பொட்டி விக்காங்க, ஏமாந்துராதீங்க.

ஆயில் நல்லாயிருந்தா ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டர் கத்துவச்சத அழிச்சுட்டு, சமதரையில மெதுவா ஓட்டிப் பழக்குங்க. அப்பவும் எகிறுனா சொலினாய்டையும், ஆயில் வழிகளும் வால்வுகளும் இருக்குத வால்வ் பாடியையும் செக் பண்ணச் சொல்லுங்க. எல்லாம் சரியாகி, இன்னும் நச்சுனு வேணும்னா சாஃப்ட்வேர்ல மாத்துத ஆளப் பாருங்க, ஒரிஜினல் சாஃப்ட்வேர் ஃபைல மொதல்ல காப்பி எடுத்து உங்க கையில குடுக்கணும், குடுக்க மாட்டேன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.