பேஸ்பாலும் மாநில அரசியலும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பாலையும் மாநில அரசியலையும் ஒருவரே சேர்த்துச் செய்ய முடியுமா என்பது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சார், ஆடிக்கொண்டே மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருக்கச் சட்டம் தடுக்கிறதா?

பதில்: சட்டம் தடுக்காது, காலண்டர்தான் தடுக்கும். பந்து வீசும் பிட்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் பிப்ரவரி நடுவிலேயே பயிற்சி முகாமுக்குப் போயாக வேண்டும். உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீகில் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை 162 ஆட்டங்கள். பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடுகின்றன. கூட்டத்தொடர் எத்தனை நாள் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் எல்லாமே.

கேள்வி: அப்படியானால் எந்த மாநிலம் தோது?

பதில்: என் கணக்கில் யூட்டா. ஜனவரியில் தொடங்கி 45 நாள், மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும். பிட்சராக இருந்தால் மூன்று வாரம் இடிக்கும். அதற்குக் கீழ்நிலையான மைனர் லீகில் பந்தை அடிக்கும் பேட்டராக இருந்தால் இடிப்பு மிகக் குறைவு. கென்டக்கியில் இரட்டைப்படை ஆண்டு என்றால் 60 அமர்வுகள், ஏப்ரல் 15 வரை இழுக்கும். ஒற்றைப்படை ஆண்டில் 30 அமர்வுகள், மார்ச் 30க்குள் முடிந்தாக வேண்டும். கலிபோர்னியா, பென்சில்வேனியா, நியூயார்க் மூன்றும் முழுநேரச் சட்டமன்றங்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

யூட்டாவிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தொடர் முடிந்த பிறகும் இடைக்காலக் குழுக்கள் கூடும், அதுவும் ஆட்டக் காலத்தில். குழுவுக்கு வராத உறுப்பினரைப் பற்றி அடுத்த தேர்தலில் எதிராளி வீடு வீடாகச் சொல்வார்.

கேள்வி: டெக்சாஸில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதானே கூடுகிறார்கள்? தலைநகர் ஆஸ்டின் பக்கத்திலேயே மைனர் லீகின் ரவுண்ட் ராக் அணியும் இருக்கிறதே?

பதில்: பார்த்தால் அருமையான பொருத்தம்தான். ஒற்றைப்படை ஆண்டில் மட்டும், ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கி 140 நாள். ரவுண்ட் ராக் மைதானம் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து காரில் போய்வரும் தூரம். மைனர் லீகில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆட்டம், திங்கள் ஓய்வு.

ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். அவசர மசோதாக்களைத் தவிர முதல் 60 நாளில் அவையில் வாக்கெடுப்பு கிடையாது. ஆகவே உண்மையான வேலை மார்ச் நடுவில்தான் தொடங்குகிறது. மே மாதம் நள்ளிரவு வரை ஓடும். அதே மே மாதத்தில் பாதி ஆட்டங்கள் வெளியூரில். 150 பேர் கொண்ட அவையில் 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது அவை நடக்கத் தேவையான எண்ணிக்கை. ஆள் குறைந்தால் கதவைப் பூட்டி, வராதவரை அழைத்து வர ஆள் அனுப்பும் அதிகாரம் அவைக்கு உண்டு. இரவு ஏழு மணி ஆட்டத்துக்குச் சீருடை மாட்டியிருப்பவருக்கு அது நடந்தால் என்ன செய்வார்?

கேள்வி: சம்பளம் கட்டுப்படியாகுமா அண்ணா?

பதில்: டெக்சாஸில் மாதம் 600 டாலர், கூட்டத்தொடரின்போது தினப்படி தனி. நியூ ஹாம்ப்ஷயரில் ஆண்டுக்கு 100 டாலர்தான். மைனர் லீகில் 2023 ஒப்பந்தப்படி அதன் மேல்மட்டமான டிரிபிள் ஏ நிலையில் ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர். இரண்டையும் கூட்டினாலும் குடும்பத்தோடு இரண்டு ஊரில் வாடகை கொடுக்கப் போதாது. மேஜர் லீகில் 2025 குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். அங்கே பணம் பிரச்சினை இல்லை, நேரம்தான் இல்லை.

கேள்வி: வேட்புமனுவில் வீரர்கள் எங்கே தடுக்கி விழ வாய்ப்பு?

பதில்: குடியிருப்பு விதியில். யூட்டா சட்டமன்றத்துக்கு 25 வயது, மாநிலத்தில் 3 ஆண்டு, தொகுதியில் 6 மாதம். கென்டக்கியின் மேலவையான செனட்டுக்கு 30 வயது, மாநிலத்தில் 6 ஆண்டு, தொகுதியில் ஓராண்டு. வீரரை ஜூலையில் வேறு அணிக்கு மாற்றிவிடுவார்கள். அவரும் குடும்பத்தைக் கூட்டிப் போய் அந்த ஊரிலேயே ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு எல்லாம் மாற்றிக்கொள்வார். அந்த ஒரு கையெழுத்தை வைத்தே எதிராளி வழக்குப் போடலாம். வாக்கும் உரிமமும் வருமான வரி முகவரியும் சொந்தத் தொகுதியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, மேஜர் லீகில் எல்லா வீரர்களும் கையெழுத்துப் போடும் பொது ஒப்பந்தம். ஆட்டக் காலத்தில் பொது மேடை, டிவி, பத்திரிகைக் கட்டுரை எதுவானாலும் அணியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். நியாயமான காரணமில்லாமல் அணி மறுக்க முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. பிரசாரத்துக்கு முன்பே கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சரியாகச் செய்து காட்டியவர் யார்?

பதில்: மேஜர் லீக் பிட்சராக இருந்த ஜிம் பன்னிங். அவர் செய்த வரிசையைக் கவனியுங்கள். 1964 ஜூன் 21 அன்று, தந்தையர் தினத்தில், நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் மெட்ஸ் அணிக்கு எதிராக 27 பேரையும் வரிசையாக ஆட்டமிழக்க வைத்தார்; வீசியது 90 பந்து, ஸ்டிரைக் அவுட், அதாவது பேட்டர் மூன்று ஸ்டிரைக்கில் ஆட்டமிழப்பது, 10. 1966இல் வீரர் சங்கத்துக்குத் தலைமை தாங்க மார்வின் மில்லரைக் கொண்டுவந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. பேரம் பேசும் பயிற்சி அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். 1971இல் ஓய்வு, அடுத்து மைனர் லீகில் மேனேஜர் வேலை, 1977இல் ஃபோர்ட் தாமஸ் நகர மன்றம், அதன்பின் கென்டக்கி செனட். 1983இல் கவர்னர் தேர்தலில் தோற்றார். 1987 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை, 1999 முதல் 2011 வரை மேலவை. நேராகப் பெரிய பதவிக்குத் தாவாமல் நகர மன்றத்தில் தொடங்கியதுதான் நான் எல்லாருக்கும் காட்டும் வழி.

கேள்வி: ஒரே சமயத்தில் இரண்டையும் வைத்திருந்தவர் யாருமே இல்லையா?

பதில்: மைதானத்துக்கு வெளியே உண்டு. ஜான் டெனர் 1888, 1889இல் சிகாகோவுக்குப் பந்து வீசியவர். 1911 முதல் 1915 வரை பென்சில்வேனியா கவர்னர். அங்கே கவர்னர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதல்வர் போல. 1913 டிசம்பரில், மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் தலைவராகவும் ஆனார். ஓராண்டுக்கு மேல் இரண்டு நாற்காலியிலும் இருந்தார். போட்டிக்கு ஃபெடரல் லீக் கிளம்பி வீரர்களை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. 1918இல் ஒரு பிட்சர் எந்த அணிக்குச் சொந்தம் என்ற தகராறில் லீக் பதவியை விட்டு விலகினார்.

நம் பக்கத்துக்கும் அவர் வந்திருக்கிறார். சிகாகோ அணியின் தலைவர் ஸ்பால்டிங் நடத்திய பேஸ்பால் உலகச் சுற்றுப்பயணக் குழுவில் டெனரும் ஒருவர். அந்தக் குழு 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் எகிப்துக்குக் கப்பல் ஏறியது.